நாலாவது விரிவில் கம்பிகள் துளிர்த்த வருடம்

தளம் போட்ட அன்று சாயங்காலம், கலவை இயந்திரம் ஓய்ந்து, சித்தாள்கள் கைகால் கழுவிக்கொண்டு லாரியில் ஏறிப் போன பிறகு, நவநீதம் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஈரம் காயாத தளத்திலிருந்து ஒன்பது தூண்களின் கம்பிகள் நாலு நாலாக வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. தெற்கேயிருந்து வந்த காற்று அவற்றுக்கு நடுவே புகுந்து போனபோது, டெலிபோனை எடுத்துக் காதில் வைத்ததும், எண்ணைச் சுழற்றுவதற்கு முன்னால் கேட்குமே, லைன் காலியாக இருக்கிறது, இனி நீ பேசலாம் என்று சொல்கிற அந்த ரீங்காரம் கேட்டது. டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பதினேழு வருடமாக அந்தச் சத்தத்தைப் பிறருக்காகவே கேட்டுப் பிறருக்கே இணைத்துக் கொடுத்தவள் அவள். சவுக்கு ஏணியின் மேல்படியில் நின்றபடி கொஞ்ச நேரம் கேட்டாள்.

"யாருக்கும்மா மாடி?" என்று கீழேயிருந்து கேட்டார் ஏகாம்பரம் மேஸ்திரி. அந்தப் பக்கத்துக் கொத்தனார்களுக்கு அது ஒரு வழக்கம். தளத்துக்கு மேலே கம்பி விட்டால் அது யாருக்கு என்று வீட்டுக்காரர் வாயால் சொல்ல வேண்டும், சொன்ன பிறகுதான் கம்பி முனையில் சிமெண்ட் பால் தடவுவார்கள்.

"தம்பிக்குத்தான், வேற யாருக்கு" என்றாள் நவநீதம், ஏணியை விட்டு இறங்கிக்கொண்டே.

சுந்தரம் நகர் நாலாவது விரிவு என்று பத்திரத்தில் எழுதியிருந்தது; முதல் மூன்று விரிவுகள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. செங்கல்பட்டுக்குப் போகிற ரயில் பாதையை ஒட்டி, வேர்க்கடலை விளைந்த மேட்டில் சுண்ணாம்பு அடித்த கற்களை நட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வேனில் ஆட்களை அழைத்து வந்து, எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலமும் மோரும் கொடுத்து விற்ற மனைகள் அவை. பஸ் கண்டக்டர்களும் நர்சுகளும் பாங்கு குமாஸ்தாக்களும் அந்தப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்ட இடத்திலேயே ஒரு தளம் மட்டும் கட்டிக்கொண்டு, மேலே கம்பி விட்டார்கள், மகனுக்கென்று, மகளுக்கென்று, ஊரிலிருந்து ஒரு நாள் வந்துவிடப்போகிற அண்ணனுக்கென்று. துருப் பிடிக்காமலிருக்கத் தண்ணீர் பாட்டில்களைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள், கண்ணேறுக்கு ஒரு பழைய செருப்பைத் தொங்கவிட்டார்கள். ரயிலில் போகிறவர்கள் பார்த்தால், நாலாவது விரிவில் முடிந்த வீடு என்று ஒன்றுகூட இருக்காது.

நவநீதத்தின் வீட்டு மனை அவள் பெயரிலும் தம்பி பரந்தாமன் பெயரிலும் இருந்தது. பாதிப் பணம் அவன் மஸ்கட்டிலிருந்து அனுப்பியது. கீழே இரண்டு அறைகள். ஒன்றில் அம்மா இருந்தாள். இன்னொன்று பரந்தாமன் வந்தால் தங்குவதற்கு. அதில் அவனுடைய பீரோவை வைத்துப் பூட்டியிருந்தது. நவநீதம் கூடத்தில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்தே அவள் கூடத்தில்தான் படுத்தாள், முதலில் புரசைவாக்கத்து ஒண்டுக்குடித்தனத்தில் ஒன்பது பேருக்கு நடுவில், பிறகு இங்கே வாசல் கதவுக்கும் டிவிக்கும் நடுவில். அம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகியும் அவள் கட்டில் கூடத்திலேயே இருந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மாடிக்குப் படிக்கட்டு கட்டவில்லை. மாடி கட்டும்போது கட்டிக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டபடியே கிடந்தது.

அம்மா போவதற்கு இரண்டு வருடம் முன்னால் பெரிய சாலை வருகிறது என்று பேச்சு கிளம்பி, மனை விலை ஏறியபோது, பரந்தாமன் மஸ்கட்டிலிருந்து பேசினான். விற்றுவிடலாம், டவுனில் ஒரு ஃப்ளாட் வாங்கிக்கொள்ளலாம் என்றான்.

"உனக்குன்னு மாடி விட்டு வெச்சிருக்கேன்டா" என்றாள் நவநீதம்.

"எனக்கு எதுக்குக்கா மாடி? நான் என்னிக்காவது கேட்டேனா?" என்றான் அவன்.

அவள் போனை வைத்தாள். அவன் திரும்பக் கூப்பிடுவான் என்று அவளும், அவள் கூப்பிடுவாள் என்று அவனும் இருந்ததில் பதினோரு வருடம் போயிற்று. அம்மாவின் காரியத்துக்கு வந்தவன்கூட, எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு, மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல் "அவங்க சாப்பிட்டாங்களா?" என்று எதிர்வீட்டில் கேட்டுவிட்டுப் போனான்.

தளம் போட்டு இருபத்திரண்டாவது வருடம், ஆடி மாதத்து முதல் மழைக்கு மறுநாள் காலை, நவநீதம் வாசல் தெளிக்க வந்தபோது தரையில் முப்பத்தாறு பாட்டில்கள் உதிர்ந்து கிடந்தன. அண்ணாந்து பார்த்தாள். கம்பிகள் ஒரு சாண் வளர்ந்திருந்தன. துரு, கொய்யா மரத்துப் பட்டைபோலச் சுருண்டு உரிந்து, உள்ளே வெளிறிய பச்சையாக இருந்தது.

எதிர்வீட்டு லூர்து மேரி இடுப்பில் குடத்தோடு நின்று, அவளும் அண்ணாந்து பார்த்தாள். "எங்கது நாலு விரல்தான் வளந்திருக்கு. உங்கது கிழக்கு வெயில், அதான்" என்றாள். பிறகு, "தண்ணி லாரி வந்துடுச்சுக்கா, குடத்தை எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

அப்படித்தான் அது தொடங்கியது. வாரத்துக்கு ஒரு முழம் வளர்ந்த கம்பிகள், ஆவணியில் பாகற்கொடி சுருள் விடுவதுபோல் வளையங்கள் விட்டு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. புரட்டாசியில் அவற்றின் மேல் சிமெண்ட் பட்டை கட்டியது. ஐப்பசி மழையில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே, சோளக்கதிரில் மணி பிடிப்பதுபோல், வரிசை வரிசையாகச் செங்கல் பிடித்தது. விடிந்து பார்த்தால் ஒரு ஜன்னல் பாதி திறந்திருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எந்த வீட்டில் இன்று என்ன வந்திருக்கிறது என்று விரலை நீட்டிப் பந்தயம் கட்டிக்கொண்டு போனார்கள்.

ஊர் அதற்கு ஒரு பழக்கத்தைப் பழகிக்கொண்டது. வெள்ளிக்கிழமை தோறும் அரிசி கழுவிய தண்ணீரைத் தளத்தில் ஊற்றினார்கள். வளர்கிற வீட்டின் கீழே சத்தம் போட்டுச் சண்டை போடுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள், சுவர் கோணிக்கொள்ளும் என்று. ஊராட்சியிலிருந்து வீட்டு வரிக்காக டேப்போடு வந்தவர் ஒரு நாள் அளந்து எழுதி, மறுநாள் சரிபார்க்க வந்து, கூடுதலாக இருப்பதைக் கண்டு, மூன்றாம் நாள் 'வளர்ந்துகொண்டிருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, லூர்து மேரி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். ஏகாம்பரம் மேஸ்திரிக்கு இப்போது வயதாகியிருந்தது, முதலில் கோபம்தான். "நாப்பது வருஷம் கலவை போட்டேன், எனக்கு இப்படி ஒரு மட்டம் வந்ததில்ல" என்று வளர்ந்த சுவரில் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்து முணுமுணுத்தார். ஆனால் வாசல் முளைத்தது, பரண் முளைத்தது, படி மட்டும் முளைக்கவில்லை. யாருடைய வீட்டிலும் முளைக்கவில்லை. "அந்த வேலையாவது மிஞ்சிச்சே" என்றார் அவர்.

கார்த்திகையில்தான் கம்பிகளின் குணம் தெரிந்தது. லூர்து மேரியின் கணவர் ஜெயசீலன் வாத்தியார் கனடாவில் இருக்கும் மகனுக்கென்று சொல்லி விட்ட கம்பிகள், மகனும் மருமகளும் இரண்டு குழந்தைகளும் இருக்கும்படியான மாடியாக வளரவில்லை. பத்துக்குப் பத்தில் ஓர் அறை, ஒரு மேஜைத் திண்டு, புத்தகம் அடுக்க ஒரு சுவர் நிறைய மாடம், கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அவ்வளவுதான். வாத்தியார் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, தெருவே நிற்க, காது மடல் சிவந்துபோய் இறங்கி வந்தார்.

"உள்தாழ்ப்பாள் மட்டுந்தான் இருக்கு, நவநீதம் அக்கா" என்றாள் லூர்து மேரி, துவைத்த துணியை உதறிக்கொண்டே. "இருபது வருஷமா மகனுக்கு மகனுக்குன்னு சொல்லி, மனசுல என்கிட்டேருந்து தப்பிச்சு ஓடத்தான் கம்பி விட்டிருக்காரு மனுஷன். நேத்து டீ கொண்டுபோய்க் கதவைத் தட்டினேன். 'யாரு'ங்கறாரு. இந்த வீட்ல வேற யாருய்யா இருக்கா?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். துணியைக் கொடியில் போட்ட பிறகும் அந்தப் பக்கமே திரும்பி நின்றாள்.

அதற்குப் பிறகு ஊர் இன்னொரு பழக்கத்தையும் பழகிக்கொண்டது. மாடி யாருக்காக விடப்பட்டதோ அவர்தான் முதலில் காலெடுத்து வைக்க வேண்டும். வேறு யாரும் போய் எட்டிப் பார்த்து, அடுத்தவர் மனசைத் தெருவில் போடக் கூடாது.

சேதி டவுனுக்குப் போயிற்று. காரில் வந்தார்கள். 'உயிருள்ள மனை' என்று போர்டு வைத்து விற்றார்கள், வாங்கினார்கள். மனைத் தரகர் கோதண்டம் ஏற்கனவே இங்கே ஆறு மனை வாங்கி, ஆறிலும் தளம் போட்டுக் கம்பி விட்டுப் பூட்டி வைத்திருந்தார், விலை ஏறட்டும் என்று. அவருடைய ஆறு வீட்டிலும் ஒரு கம்பிகூட அசையவில்லை. உரம் போட்டுப் பார்த்தார். "யாரையாவது நெனைச்சு விட்டிருக்கணும் சார்" என்று ஏகாம்பரம் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோதண்டம் வெயிலில் தொப்பியோடு மொட்டைமாடியில் நின்று, தன் இரண்டு பெண்களின் பெயரையும், பிறகு செத்துப்போன தன் அம்மாவின் பெயரையும் கம்பியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்ததைத் தெருவே பார்த்தது. அம்மாவின் பெயருக்கு ஒரு மூலைக் கம்பி இரண்டு அங்குலம் வளர்ந்து நின்றுவிட்டது.  அந்த ஒரு மனையை மட்டும் அவர் பிறகு விற்கவே இல்லை.

நவநீதத்தின் மாடி மார்கழியில் முடிந்தது. மேற்குப் பார்த்த ஒரு ஜன்னல் தெருவிலிருந்து தெரிந்தது. கதவு பின்பக்கம், தெரியாது. அவளுக்கு முழங்கால் மடங்காது; ஏணியில் ஏறிப் பத்து வருடம் ஆயிற்று. ஏற முடிந்திருந்தாலும் ஏறியிருக்க மாட்டாள், அது பரந்தாமன் முதல் கால் வைக்க வேண்டிய இடம். கட்டிலில் படுத்துக்கொண்டு, மேலே சுவர் இறுகுவதையும் தரை ஆறுவதையும் கேட்டுக்கொண்டிருப்பாள். வந்து பார்த்தானானால், எனக்கு எதுக்குக்கா என்று எப்படிக் கேட்பான், இத்தனை வருடம் வெயிலில் நின்ற கம்பி வீடானதைப் பார்த்த பிறகு எப்படி விற்கச் சொல்வான் என்று நினைத்துக்கொள்வாள்.

ஏனென்றால் கோதண்டம் அவளுடைய மனைக்கும் ஆள் பிடித்திருந்தார். ஒரு கட்டடக் கம்பெனி அவள் மனையையும் இரண்டு பக்கத்து மனைகளையும் சேர்த்து ஐந்து மாடி எழுப்பப் போகிறது. பக்கத்துக்காரர்கள் இரண்டு பேரும் வெறும் மனையாகப் போட்டிருந்தவர்கள், சரியென்று விட்டார்கள். இனி நடுமனைதான் பாக்கி.

"உங்களுக்கு ரெண்டு ஃப்ளாட் குடுப்பாங்க மேடம். லிஃப்ட் இருக்கும். உங்க காலுக்கு நல்லது" என்றார் கோதண்டம், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று.

"இது முளைச்ச வீடு. இடிப்பீங்களா?"

"முளைச்சதுன்னாலும் செங்கல்தானே மேடம். தம்பிகிட்ட பேசிட்டேன். பொங்கலுக்கு வராராம், கையெழுத்துப் போட."

தம்பி வருகிறான் என்பதை அவள் தரகர் வாயால் தெரிந்துகொண்டாள். அவன் பாதியைக் கொடுத்துவிட்டால் மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வது, வீட்டை நெட்டுக்கு அறுத்தா பிரிப்பது? அன்றைக்கு அவள் அரிசி கழுவிய தண்ணீரை வெள்ளிக்கிழமைக்குக் காத்திராமல் சுவரோரம் ஊற்றினாள்.

போகிக்கு மறுநாள் முற்பகல், சக்கரம் வைத்த பெட்டியை மண் தெருவில் இழுத்துக்கொண்டு பரந்தாமன் வந்தான். தலை நரைத்து, வயிறு முன்னால் வந்து, அப்பாவின் சாயலில் இருந்தான். ஆறடி உயரம் மட்டும் அப்படியே. நவநீதம் நாலடி பத்தங்குலம். சின்ன வயதில் அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவள், பிறகு அவன் தோளைப் பார்த்தே பேசியவள்.

"வாடா" என்றாள்.

"ம்" என்றான். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தான். எதிர்வீட்டு வாசலில் லூர்து மேரி கீரை ஆய்வதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டுட்டு ஏறு."

"இல்ல, பார்த்துட்டே வந்துடறேன்." கொஞ்சம் தயங்கி, "கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னுதான் வந்தேன். கோதண்டம் என்ன சொன்னான்னு தெரியாது" என்றான்.

"மேல போய்ப் பார்த்துட்டுக் கேளு."

அவள் ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டாள், அவன் ஏறினான். பிறகு உள்ளே வந்து கூடத்தில், கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, மேலே அவன் நடப்பதைக் கேட்டாள். முதலில் மடாரென்று ஒரு சத்தம். பிறகு நாலு எட்டு. நின்றான். மறுபடி இரண்டு எட்டு. ஜன்னலைத் திறக்கிற சத்தம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. செங்கல்பட்டு ரயில் ஒன்று போயிற்று, வந்தது ஒன்றும் போயிற்று. பிடித்துவிட்டது என்று நினைத்தாள். அடுப்பில் பாலை வைத்தாள்.

அவன் இறங்கி வந்தபோது நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைத்திருந்தது.

"என்னடா இது?"

"நிலைவாசல் இடிச்சுது." கட்டிலில் உட்கார்ந்தான். உட்கார்ந்து, அந்தக் கட்டிலை, அதன் தலைமாட்டு ஜன்னலை, வாசல் கதவை, எதிரே டிவியை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "அக்கா, அது எனக்கில்லக்கா."

"மறுபடியும் ஆரம்பிக்காதே."

"சொல்றதக் கேளு. ஒரே அறைதான். ஒரு ஆள்தான் படுக்கலாம், நான் கால் நீட்டினா சுவர் இடிக்கும். கண்ணாடி மாட்டற ஆணி என் நெஞ்சுக்கு நேரா இருக்கு. ஜன்னல் திண்டுல டம்ளர் நிக்கிற மாதிரி வட்டமா ஒரு குழி, அங்க உக்காந்தா ரயில் தெரியுது. எனக்கு ரயில் எப்பக்கா புடிச்சுது? தண்டவாளத்துப் பக்கமே போக மாட்டேன்." நெற்றியைத் தடவிக்கொண்டான். "நிலைவாசல் அஞ்சடி. நீ குனியாம போலாம்."

நவநீதம் பாலை இறக்கினாள். பொங்கவிருந்தது, பொங்கவில்லை. டிகாக்ஷனைக் கலந்தாள், சர்க்கரையைப் போட்டாள், போட்டோமா என்று சந்தேகப்பட்டு நின்றாள். இருபத்திரண்டு வருடம் முன்னால் ஏணியின் மேல்படியில் நின்று அவள் கேட்ட ரீங்காரமும், கேட்டுக்கொண்டிருந்தபோது வாய் முந்திக்கொண்டு சொன்ன பதிலும் அவளுக்கு நினைவுக்கு வந்தன.

"தாழ்ப்பாள்?" என்று கேட்டாள், அடுப்பைப் பார்த்தபடியே.

"இருக்கு."

"உள்ளேயா?"

"உள்ளேதான்."

டம்ளரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு, குடிக்காமல், "அப்போ நான் அன்னிக்கு வேணாம்னு சொன்னது சரியாத்தான் இருந்திருக்கு. இதுக்குப் போய்ப் பதினோரு வருஷம் பேசாம இருந்தியே" என்றான்.

"நீயுந்தான்."

"நானுந்தான்" என்றான். பிறகு அந்தக் கட்டிலை மறுபடி பார்த்து, "நீ எங்க படுத்துக்கறேன்னு நான் ஒரு தடவகூடக் கேட்டதில்லக்கா" என்றான். அவள் புடவைத் தலைப்பில் அவன் நெற்றிக்கு ஒத்தடம் கொடுத்தாள். உட்கார்ந்திருந்ததால் எட்டியது.

மாலையில் கோதண்டம் காகிதங்களோடு வந்தபோது, வாசலில் பரந்தாமனும் ஏகாம்பரம் மேஸ்திரியும் நூல் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். "ஃப்ளாட்டு வேணாம் சார். படிதான் வேணும்" என்றான் பரந்தாமன். கோதண்டம் காகிதங்களைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, நூலின் ஒரு முனையைக் கொஞ்ச நேரம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த உயரத்துக்கு வழக்கமாகப் பதினெட்டுப் படி வைப்பார்கள். நவநீதத்தின் முழங்காலை ஒரு ஸ்டூலில் ஏற்றி இறக்கிப் பார்த்து, ஒரு படிக்கு ஐந்து அங்குலம்தான் என்று பரந்தாமன் முடிவு செய்தான். இருபத்தைந்து படிகள் வந்தன. வீட்டின் பக்கவாட்டு முழுதையும் அடைத்துக்கொண்டு, முன்னாலிருந்த செம்பருத்தியையும் விழுங்கிக்கொண்டு, தாழ்வாக, அகலமாக, சோம்பேறித்தனமாக அவை ஏறின. "படியா இது, சரிவா?" என்று ஏகாம்பரம் குறைபட்டுக்கொண்டே கட்டினார். பன்னிரண்டாம் நாள் காலை, தெருவே வேறெங்கோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்க, நவநீதம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நிலைவாசலில் குனியவில்லை. உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. லூர்து மேரி கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள்.

பரந்தாமன் தன் பாதியை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மஸ்கட்டுக்குத் திரும்பினான். ஒவ்வொரு பொங்கலுக்கும் வந்து, பீரோ வைத்த அறையைத் திறந்து பதினைந்து நாள் தங்கினான். கூடத்துக் கட்டிலை யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டார்கள். கம்பெனி நடுமனையை விட்டுவிட்டு, இரண்டு பக்கமும் தனித்தனியாக ஐந்து மாடி எழுப்பியது. அந்த ஃப்ளாட்டுகளின் பால்கனியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நடுவில் அந்தச் சின்ன மாடியின் தலை தெரியும். நாலாவது விரிவில் மற்ற வீடுகள் முளைத்து முடிந்த பிறகும் உச்சியில் மறுபடி கம்பி விட்டன, அடுத்த யாருக்கோ. நவநீதத்தின் மாடியில் கம்பி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. தளம் வழவழப்பாக, சட்டி கவிழ்த்ததுபோல் முடிந்திருந்தது.

அவள் அங்கே பதினைந்து வருடம் இருந்தாள். எழுபத்தாறாவது வயதில், ஒரு வியாழக்கிழமை காலை, ஜன்னல் திண்டில் டம்ளர் இருக்க, இறந்துபோனாள். படிகள் தாழ்வாக இருந்ததால், அவளைக் கீழே கொண்டுவந்த நாலு பேருக்கும் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை.